ஓடும் புரோகிராமைத் திருத்தலாமா?

மரக்காணம் பக்கம் உப்பளங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிளியனூர் போன்ற சுற்று வட்டார ஊர்க்காரர்களுக்கு அது பழகிய காட்சி. ஒரு பாத்தியின் வரப்பு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக எல்லாப் பாத்திகளின் நீரையும் வடித்துவிட்டு, உப்பளம் முழுவதையும் புதிதாகவா கட்டுவார்கள்? இல்லை. உடைந்த இடத்தில் மட்டும் சேற்றை வைத்து அடைப்பார்கள். மற்றப் பாத்திகளில் உப்பு விளைந்துகொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் பிழை நேர்ந்தால் இப்படிச் செய்ய முடியுமா? 1970களில் பெரும்பாலான புரோகிராம்களில் அது எளிதாக இல்லை. புரோகிராமை நிறுத்த வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும், பிறகு முதலிலிருந்து ஓட்ட வேண்டும். விலைக்கு வாங்கிய புரோகிராம் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் மூல வரிகள் பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்திடமே இருக்கும். பிழையைக் கண்டவர் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்மால்டாக் செய்த மாற்றம்

அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே, டேன் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பெர்க் முதலியோர் ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கினார்கள். அதன் முதல் வடிவம் 1972இல் பிறந்தது. சிறுவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று.

ஸ்மால்டாக்கில் எல்லாமே 'பொருள்'கள். எண்ணும் ஒரு பொருள். திரையில் தெரியும் சன்னலும் ஒரு பொருள். ஒரு பொருளுக்கு நாம் செய்தி அனுப்புகிறோம். அது வேலையைச் செய்கிறது. ஒரே மாதிரியான பொருள்கள் ஓர் இனக்குழுவைச் சேர்ந்தவை. எந்தச் செய்திக்கு என்ன செய்ய வேண்டும் என்னும் செய்முறைகள் அந்த இனக்குழுவின் அகராதியில் எழுதப்பட்டிருக்கும்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பொருள்கள் செய்முறையைத் தம்மிடம் நகல் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. செய்தி வந்ததும் அதற்குரிய செய்முறை இனக்குழுவின் அகராதியில் தேடி எடுக்கப்படுகிறது. ஆகவே அகராதியில் ஒரு செய்முறையை மாற்றினால் போதும். அடுத்த செய்தியிலிருந்து எல்லாப் பொருள்களும் புதிய முறைப்படி நடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

40 உப்புப் பாத்திகளுக்கு ஒரு கணக்குப் புரோகிராம் எழுதுகிறீர்கள். ஒவ்வொரு பாத்தியும் ஒரு பொருள். 'சராசரி' என்ற செய்தி அனுப்பினால், வாரிய மொத்த உப்பை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கிய பாத்தியில் நாட்களின் எண்ணிக்கை 0. சுழியால் வகுக்க முடியுமா? முடியாது. புரோகிராம் தடுக்கி நிற்கிறது.

ஸ்மால்டாக்கில் அப்போது ஒரு சன்னல் திறக்கும். எந்த வரியில் தடுக்கியது, அந்த நேரத்தில் எந்த மதிப்பு என்ன என்று அது காட்டும். அங்கேயே, "நாட்கள் 0 என்றால் விடை 0" என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள். அந்த ஒரு செய்முறை மட்டும் புதிதாக மொழிபெயர்க்கப்படுகிறது. பிறகு, "தொடர்க" என்கிறீர்கள். தடுக்கிய இடத்திலிருந்தே வேலை தொடர்கிறது. 40 பாத்திகளும் சரியாகிவிட்டன!

ஸ்மால்டாக் சூழலின் பெரும்பகுதி ஸ்மால்டாக்கிலேயே எழுதப்பட்டது. ஆகவே நம் புரோகிராமை மட்டுமல்ல, அந்தச் சூழலையே இவ்வாறு திருத்தலாம். மாற்றிய செய்முறைகளை மட்டும் ஒரு சிறு கோப்பாக எழுதி, ஃபிளாப்பியில் நண்பருக்குக் கொடுக்கலாம். அவர் அதை ஏற்றியவுடன் அவருடைய கம்ப்யூட்டரிலும் பிழை நீங்கும்.

திருத்தத்திலும் பிழை உண்டு

சற்று நில்லுங்கள். நாம் போட்ட திருத்தம் சரியானதா? இன்று தொடங்கிய பாத்தியின் சராசரி 0 என்றால், "இது விளையாத பாத்தி" என்றல்லவா உரிமையாளர் நினைப்பார்? புரோகிராம் தடுக்கி நின்றபோது ஏதோ தவறு என்றாவது தெரிந்தது. இப்போது தவறான விடை சத்தமில்லாமல் வருகிறது. "இன்னும் கணக்கிட இயலாது" என்று சொல்லும்படி திருத்துவதே முறை.

உங்கள் நண்பர் அவ்வாறே திருத்தியிருக்கிறார் என்று கொள்வோம். அவர் கோப்பை முதலிலும் உங்கள் கோப்பைப் பின்னரும் ஏற்றினால் என்ன ஆகும்? அகராதியில் ஒரு பெயருக்கு ஒரு செய்முறைதான் இருக்க முடியும். பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். நல்ல திருத்தம் போய்த் தவறான திருத்தம் நிலைக்கும். ஆகவே திருத்தங்களைச் சோதிக்கவும் வரிசைப்படுத்தவும் ஓர் ஒழுங்கு தேவை.

பலர் கூடித் திருத்தியது

1980ஆம் ஆண்டையொட்டி ஜெராக்ஸ், ஸ்மால்டாக்கை ஆப்பிள், டிஜிட்டல் எக்விப்மென்ட், ஹியூலெட்-பக்கார்டு, டெக்ட்ரானிக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களுக்குச் சோதிக்கக் கொடுத்தது. அவை தத்தம் கம்ப்யூட்டர்களில் அதை இயக்கிப் பார்த்துக் குறைகளைத் தெரிவித்தன. அந்த அனுபவங்கள் 1983இல் நூலாகவே வெளிவந்தன.

1996இல் ஆலன் கே, இங்கால்ஸ் முதலியோர் ஆப்பிளில் இருந்தபோது ஸ்க்வீக் என்ற ஸ்மால்டாக்கை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். அதை யாரும் திருத்தலாம். பல நாட்டுப் பயனாளர்கள் அனுப்பிய திருத்தங்களைச் சேர்த்து, எண்ணிட்டு, வரிசையாக எல்லோருக்கும் வழங்கினார்கள். நாம் மேலே பார்த்த சிக்கலுக்கு அந்த எண் வரிசை ஒரு நல்ல தீர்வு.

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஸ்க்ராட்ச் பற்றிப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? 2007இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பு ஸ்க்வீக்கில்தான் எழுதப்பட்டது. இன்றைய ஸ்க்ராட்ச் வேறு மொழியில் இருந்தாலும் பழைய குணம் மாறவில்லை. ஸ்க்ராட்ச் இணையதளத்தில் பிறர் பகிர்ந்த விளையாட்டுகளைத் திறந்து, உள்ளே எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். நகல் எடுத்து மாற்றலாம்.

ஒன்று செய்து பாருங்கள். அப்படி ஒரு விளையாட்டில் ஒரு பிழையைக் கண்டுபிடியுங்கள். அது எப்போது நேர்கிறது, ஏன் நேர்கிறது, என்ன மாற்றினீர்கள், மாற்றியபின் வேறு எங்காவது கெட்டதா என்று நான்கு வரிகள் எழுதுங்கள். அந்த நான்கு வரிகளும் இருந்தால்தான் உங்கள் திருத்தத்தை இன்னொருவர் நம்பி ஏற்றுக்கொள்ள முடியும்.