முகிலின் ஓட்டமும் சிற்றலைக் கணிதமும்

கார்த்திகை மாதத்தில் கரவெட்டி வயல்களில் காலபோக நெல் வளர்ந்து நிற்கும். உழவர் வானத்தை நோக்குவர். பருத்தித்துறைக் கரையிலே தோணி இறக்க நிற்கும் மீனவரும் அதனையே நோக்குவர். 2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. முகில் எங்கே நிற்கிறது என்பது மட்டும் போதாது. எத்திசையில், எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதும் தெரிதல் வேண்டும்.

நடுக்கடலில் காற்றை அளக்கும் நிலையங்கள் மிகச் சில. ஆதலின் செய்மதிப் படங்களே துணை. 2013இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சற்-3டி, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அரைமணிக்கு ஒரு படம் எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஒரு படத்தில் உள்ள முகில் அடுத்த படத்தில் 30 கிலோமீற்றர் தள்ளியிருப்பின், அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். கணக்கு எளிது, ஒன்றையொன்று ஒத்த முகில்களிடையே அதே முகிலை இனங்காணுதலே அரிது.

இதற்கு உதவும் முறைகளுள் ஒன்று சிற்றலை உருமாற்றம். கணினிக்குப் படம் என்பது ஒளியின் அளவைக் கூறும் எண்களின் வரிசையே. அடுத்தடுத்த இரு எண்கள் 10, 14 எனக் கொள்வோம். சராசரி 12, விலகல் 2. பன்னிரண்டில் இரண்டைக் கழித்தால் 10, கூட்டினால் 14. பழைய எண்கள் குறைவின்றி மீள்கின்றன. சராசரிகளைத் திரட்டினால் சிறிய, பருமட்டான படம் கிடைக்கும். விலகல்கள் விளிம்பையும் நுணுக்கத்தையும் காட்டும். சிறிய படத்தை மீண்டும் அவ்வாறே பிரிக்கலாம்.

இவ்வெளிய முறைக்கு 1909இல் வித்திட்டவர் ஹங்கேரியக் கணித அறிஞர் ஹார். 1980களின் தொடக்கத்தில், எண்ணெய் தேடும் பணியிலே நில அதிர்வலைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மோர்லே சிற்றலைகளைக் கையாண்டார். 1988இல் இங்கிரிட் டோபஷீ என்னும் பெல்ஜிய அம்மையார் கணினிக்கு மிகவும் ஏற்ற சிற்றலைகளை வகுத்தளித்தார்.

இயக்கத்தை அறிவதில் இதன் பயன் யாது? 16 புள்ளி நகர்ந்த முகிலை நுண்ணிய படத்தில் தேடின், பொய்யான ஒப்புமைகள் பல எதிர்ப்படும். படத்தை நான்கு முறை பாதியாக்கினால் அந்நகர்வு ஒரே புள்ளியாகச் சுருங்கும். அங்கே திசையை மதிப்பிட்டு, பின் படிப்படியாக நுணுக்கங்களைச் சேர்த்து விடையைத் திருத்தலாம். ஓடும் நீர், வாயு ஆகியவற்றின் இயக்கத்தை ஆய்வாளர் இவ்வழியில் கணித்துள்ளனர்.

எனினும், பருமட்டான நிலையில் நேரும் பிழை நுண்ணிய நிலைக்கும் தொடரக்கூடும். முகிலின் ஓட்டம் எப்போதும் காற்றின் ஓட்டமன்று. காற்று வீசியபடி இருக்க, மலைமுகட்டில் அசையாது நிற்கும் முகிலும் உண்டு. ஆகவே பிற அளவீடுகளோடு ஒப்பிட்டே வானிலை அறிஞர் முடிவு செய்வர். அம்முடிவு உரிய வேளையில் எட்டினால், தோணி கரையிலேயே நிற்கும். மீனவர் உயிரும் காக்கப்படும்.