கழிவும் கைப்பொருளாகும்

பஞ்சாப் மாநிலத்தின் லூதியானா, பின்னலாடைக்கும் கம்பளி ஆடைக்கும் பெயர் பெற்ற நகரம். அதன் ஊடே செல்லும் புட்டா நாலா என்னும் ஓடை, சாயக் கழிவையும் நகரக் கழிவையும் சுமந்து சட்லெஜ் ஆற்றில் கலக்கிறது. நகரைச் சுற்றியுள்ள வயல்களிலோ ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெல் தாள் எரிக்கப்படுகிறது. கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் நிலையில், வயலை ஒழிக்க உழவருக்குத் தீயே மலிவான வழி. அருகருகே இரண்டு கழிவுகள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தீர்க்க முடியுமா?

முடியும் என்று ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. அது தொழிலாகவும் நிலைக்குமா என்பதை ஒரு வங்கியாளரின் கண்கொண்டு இங்கே பார்ப்போம்.

கரி வினையூக்கியாகும் முறை

வைக்கோல், உமி, கரும்புச் சக்கை, தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் காற்று புகாத கலத்தில் 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அவை சாம்பலாகாமல் நுண்துளைகள் நிறைந்த கரியாகின்றன. இதனை உயிர்க்கரி என்பர். இக்கரி சாயத்தைத் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்ளும். ஆனால், சாயம் அழிவதில்லை. நீரிலிருந்து கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. துளைகள் நிறைந்த பின் அக்கரியே புதிய கழிவாகிவிடும்.

அதனால் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். மூலப்பொருளை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, பின்னர் சூடாக்குகின்றனர். இரும்புத் துகள்கள் கரியில் பதிந்துவிடுகின்றன. சாயநீரில் இதனை இட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால், ஹைட்ராக்சில் என்னும் வீரியமிக்க தனி உறுப்புகள் தோன்றிச் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. இரும்பும் பெராக்சைடும் இணைந்து செயல்படும் இவ்வினையை இங்கிலாந்து வேதியியலாளர் ஃபென்டன் 1894ஆம் ஆண்டிலேயே விவரித்தார். பழைய முறையில் இரும்பு நீரில் கரைந்து, இறுதியில் சேறாகக் குவியும். கரியில் பதிந்த இரும்பில் அத்தொல்லை குறைவு. காந்தத் தன்மை பெறுமாறு தயாரித்தால், வேலை முடிந்ததும் காந்தத்தால் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

முதலுக்கு மோசமில்லாமல்

வினையூக்கி என்பது வினையை விரைவுபடுத்தியும் தான் செலவாகாத பொருள். வணிக மொழியில் கூறினால், முதலுக்கு மோசமில்லாமல் வேலை செய்யும் மூலதனம். எனினும் எந்த எந்திரத்துக்கும் உள்ள தேய்மானம் இதற்கும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது இரும்பு கரைந்து வெளியேறும், துளைகள் அடைபடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ வினையூக்கியின் விலை 200 ரூபாய் எனக் கொள்வோம். ஒருமுறை மட்டுமே பயன்பட்டால் அச்சுற்றின் செலவு 200 ரூபாய். ஐந்து முறை பயன்பட்டால் சுற்றுக்கு 40 ரூபாய். இருபது முறை பயன்பட்டால் 10 ரூபாய். ஆகவே, மூலப்பொருள் இலவசமாகக் கிடைப்பதைக் காட்டிலும் கரி எத்தனை சுற்று தாங்கும் என்பதே அடக்கவிலையைத் தீர்மானிக்கிறது. பெராக்சைடின் விலை ஒவ்வொரு சுற்றுக்கும் தனிச் செலவு என்பதையும் மறக்கலாகாது.

மூலப்பொருளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 கோடி டன் தாவரக் கழிவு கிடைப்பதாகவும், அதில் சுமார் 23 கோடி டன் உபரி எனவும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மதிப்பிட்டுள்ளது. ஆயினும் வைக்கோல் எடை குறைந்தது, இடம் அடைப்பது, ஆண்டில் சில வாரங்களே கிடைப்பது. அதைக் கட்டவும் ஏற்றிச் செல்லவும் நனையாமல் காக்கவும் செலவாகும். வயலில் இலவசமாகக் கிடப்பது ஆலை வாயிலை அடையும்போது இலவசமாக இருப்பதில்லை.

எல்லையும் உண்டு

இக்கரி சாயத்தைச் சிதைக்கும். நீரில் கரைந்துள்ள உப்பை நீக்காது. சாயமேற்றுவதில் உப்பு பெருமளவு பயன்படுவதால், நிறம் மறைந்த நீரும் பாசனத்துக்கு ஒவ்வாததாக இருக்கக்கூடும். நொய்யல் ஆற்றுப் பாசன உழவர்கள் இதனை நன்கறிவர். 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறை கட்டாயமாயிற்று. அத்தகைய அமைப்பில் உப்பைப் பிரிப்பது எதிர்ச் சவ்வூடு பரவல் கருவியின் பணி. வினையூக்கி அதற்குத் துணை நிற்கலாமேயன்றி மாற்றாகாது.

மேலும், ஃபென்டன் வினை அமிலத் தன்மையுள்ள நீரில் நன்கு நிகழ்வது. சாய ஆலை நீரோ பெரும்பாலும் காரத் தன்மையும் உப்பும் கொண்டது. தூய நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனையின் வெற்றி, ஆலை நீரிலும் அப்படியே கிடைத்துவிடாது.

கடன் கேட்கும் முன்

இத்துறையில் இறங்க விரும்பும் இளைஞர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் எங்களை அணுகும்போது, நாங்கள் முதலில் கேட்பவை நான்கு. உண்மையான ஆலைக் கழிவுநீரில் சோதித்தீர்களா? எத்தனை சுற்றுக்குப் பின் திறன் குறைகிறது? வெளியேறும் நீரில் இரும்பின் அளவு என்ன? பயன் தீர்ந்த கரியை என்ன செய்வீர்கள்? அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையும், வாங்க முன்வரும் ஓர் ஆலையின் கடிதமும் திட்ட அறிக்கையுடன் இருந்தால் பரிசீலனை எளிதாகும். குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியின்கீழ், தகுதியுள்ள திட்டங்களுக்கு ஈடில்லாக் கடனும் பெறலாம்.

தீக்கு இரையாகும் தாளுக்கு ஒரு விலை கிடைத்தால், அதை எரிக்க வேண்டிய தேவை உழவருக்குக் குறையும். சாய ஆலைக்கு நீர்ச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். இவ்விரண்டும் நிகழ, கரி பல சுற்று உழைத்தாக வேண்டும். அந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக்கொண்டு வருபவர்களை வங்கி வரவேற்கிறது.