பாட்டிக்கு வராத குளிர்

அண்ணனூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அரக்கோணம் மார்க்கத்தில் அடிக்கடி போகிறவர்களானால், அங்கே பணிமனையில் ஓய்வெடுக்கும் மின்சார ரயில்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. அவருடைய மகன் ஒரு பழைய கேரவனை வாங்கினான். கேரவன் சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில், சமையல் மேடை, கூரையில் ஏர்கண்டிஷன் எல்லாம் கொண்ட, சக்கரத்தின் மேல் ஓடும் சின்ன வீடுதான் அது.

கோடையில் குடும்பத்தோடு காஞ்சிபுரம் கிளம்பினார்கள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் முன்பக்கம் உட்கார்ந்திருந்த பேரன் போர்வை கேட்டான். பின்கட்டிலில் படுத்திருந்த பாட்டி விசிறி கேட்டாள்! முதுமையில் உடம்பு வெப்பத்தைத் தாங்காது. தாகமும் சரியாகத் தெரியாது. ஆகவே இதைச் சிரித்து விட்டுவிட முடியவில்லை.

வண்டியைப் பார்த்த ஒரு மெக்கானிக், "மெஷின் சின்னது, பெரிசாக மாற்றணும்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா மகனைப் பார்த்துக் கேட்டார்: "தெருக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், செம்பரம்பாக்கம் ஏரியையா ஆழப்படுத்துவாய்? வழியில் எங்கே ஒழுகுகிறது என்று பாரப்பா!"

அவர் முதலில் செய்தது ஒரு சோதனை. ஏர்கண்டிஷன் உள்ளே இழுக்கும் காற்றையும், பக்கத்திலேயே வெளியே தள்ளும் காற்றையும் தெர்மாமீட்டரில் பார்த்தார். சுமார் 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தது. ஆக, மெஷின் மேல் குற்றமில்லை. பிறகு ஒவ்வொரு காற்றுத் துவாரத்தின் முன்னும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தார். முன்பக்கம் படபடத்த காகிதம், பாட்டியின் தலைக்கு மேலே அசையவே இல்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூரை மூடியைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. அறைக் காற்றை இழுக்கும் பாதைக்கும், குளிர்ந்த காற்றைத் தள்ளும் பாதைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி! குளிர்ந்த காற்று பாட்டியிடம் போகாமல், வந்த வழியே மெஷினுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. தானே அனுப்பிய குளிரைத் தானே வாங்கிக்கொண்ட மெஷின், அறை குளிர்ந்துவிட்டது என்று எண்ணி அடிக்கடி நின்றும் போயிற்று.

அலுமினியத் தாள் ஒட்டிய டேப்பால் அந்த இடைவெளியை அடைத்தார். சாதாரண டேப் கூரைச் சூட்டில் பசை விட்டுவிடும். நசுங்கிக் கிடந்த காற்றுக் குழாயை நிமிர்த்தினார். வடிகட்டியைக் கழுவிக் காயவைத்தார். முன்பக்கத் துவாரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் மூடினார். அதிகம் மூடினால் காற்றோட்டம் குறைந்து, மெஷினுக்குள் பனிக்கட்டி படிந்துவிடுமாம்.

நீளமான பெட்டி எதுவானாலும் குளிரைக் கடைசி ஆள்வரை கொண்டுபோவதுதான் சிரமம். 2025 ஏப்ரல் 19 அன்று சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய, பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் தயாரான 12 பெட்டிக் குளிர்சாதன ரயிலைப் பார்த்திருப்பீர்களே! அது போன்ற ரயில் பெட்டிகளிலும் கூரையோரக் குழாய் வழியாகத்தான் காற்று பங்கிடப்படுகிறது.

உங்கள் வீட்டு ஏர்கண்டிஷனும் ஒரு மூலையை மட்டும் குளிர வைக்கிறதா? பணப் பெட்டியைத் திறக்குமுன், வடிகட்டியைத் திறந்து பாருங்கள். காற்று போகும் வழியில் பீரோவோ திரைச்சீலையோ நிற்கிறதா என்று பாருங்கள். மின்சாரக் கம்பி, வாயு சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த பயணம் திருத்தணிக்கு. திருவள்ளூர் வருவதற்குள் பின்கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஏண்டா, அந்தப் போர்வையை இப்படிக் கொடு!"

கேட்டது பேரன் அல்ல, பாட்டி!