மூக்கு சொல்லும் நேரம்

இன்று காலை குடித்த தேநீரின் சுவை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒருநாள் இருக்கவில்லை. கோப்பை கையில் இருந்தது. மனமோ கடைக் கணக்கில் கிடந்தது. பக்கத்தில் நின்ற மகள் ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். "வாப்பா, நான் என்ன சொன்னேன்?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் இல்லை. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. தொழுகையில் நின்றுகொண்டே சரக்குப் பட்டியல் போடும் மனம் இது. பிள்ளையிடம் மட்டும் ஒழுங்காக நிற்குமா?

அந்தத் தேயிலை உருவாகும் மலைநாட்டில் மனம் இப்படி அலைந்தால் சரக்கே கெட்டுவிடும்!

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் டீமேக்கரின் வேலையைக் கவனித்துப் பாருங்கள். இரவெல்லாம் காற்றில் வாடிய கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி அமுக்குவார். உருண்டையாக நின்று, பட்டுத் துணிபோல் மெதுவாக இருந்தால் வாட்டம் சரி. காம்பு சட்டென்று ஒடிந்தால் இன்னும் வாட வேண்டும். பிறகு இலை உருளையில் அரைபட்டுச் சாறு கசியும். காற்றுப் பட்டுச் செம்பு நிறமாக மாறத் தொடங்கும். இதை நொதித்தல் என்கிறார்கள். உண்மையில் காற்றிலுள்ள ஒட்சிசன் செய்யும் வேலைதான் அது.

இங்குதான் மூக்குக்கு வேலை. பச்சை வாடை மெல்ல அடங்கி, பழுத்த அப்பிளை நினைவூட்டும் ஒரு மணம் எழும், உச்சத்துக்குப் போகும், பிறகு மங்கும். அந்த உச்சத்திலேயே இலை சூட்டுக்குள் போக வேண்டும். முந்தினால் சாயம் பச்சையாய்க் கசக்கும். பிந்தினால் உயிரற்றுச் சப்பென்றிருக்கும். கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு வேறொரு கணக்கு. இன்று வெப்பமானி முதலிய கருவிகள் உண்டு. ஆனாலும் குனிந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் ஒழிந்துவிடவில்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் மேசைமேல் இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் உலர்த்தியே தொடங்கினார்.

மலைச்சரிவில் நிற்கும் பெண்ணின் கதை வேறு. இரண்டு இலை, ஓர் அரும்பு. இளசா முற்றலா என்பதை விரலே சொல்லிவிடும். காலை ஈரத்தில் அட்டை கடித்ததும் தெரியாது. இரத்தத்தைக் கண்டபிறகே தெரியும். எல்லாவற்றையும்விடக் காது விழித்திருக்க வேண்டும். குளவிக் கூடு கலைந்தால் அந்த இரைச்சலைக் கேட்ட கணமே ஓட வேண்டும். குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளர் பலர். இவர்களிடம் போய் "இந்தக் கணத்தில் வாழுங்கள்" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. கூடையின் நிறைக்கேற்பக் கூலி பெறுபவருக்கு அது பொழுதுபோக்கல்ல.

நமக்கோ அந்த அபாயம் இல்லை. அதனால்தான் தூங்கிவிடுகிறோம் போலும். நுவரெலியாக் குளிரில், சுப்ஹு நேரத்தில் வுழூச் செய்யும்போது தண்ணீர் முழங்கையைத் தொடுகிற அந்த ஒரு நொடி யார் மனமும் கடைக்குப் போகாது!

தேயிலை சுவைப்பவர் 5 அல்லது 6 நிமிடம் ஊறிய சாயத்தைக் கரண்டியில் எடுத்து, பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சுவார். சாயம் நாக்கெங்கும் தெறித்து, மணம் உள்வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். நம் வீட்டில் அப்படி உறிஞ்சினால் உம்மா ஏசுவார்.

மறுநாள் நானும் சத்தமாக ஒருவாய் உறிஞ்சிப் பார்த்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நேற்றுச் சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். வகுப்பில் சிநேகிதியைப் பிரித்து வேறு வாங்கில் உட்கார வைத்துவிட்டார்களாம். அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.