பிளீச்சிங் பவுடரை வாளியில் கலக்கும் முன்

ஃபெஞ்சல் புயலை அடுத்து, 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு மணலூர்பேட்டை, திருக்கோவிலூர், எதிர்க்கரை அரகண்டநல்லூர் என்று ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது. வெள்ளம் வடிந்த ஊருக்கு முதலில் வந்து சேரும் பொருள்களில் ஒன்று பிளீச்சிங் பவுடர் மூட்டை. அது என்ன செய்யும், எங்கே பயன்படாது என்று தெரிந்துகொண்டால் அடுத்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு உதவும்.

இந்தத் தூள் எதனால் ஆனது? நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பது இது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1799-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது துணியை வெளுக்கத்தான் பயன்பட்டது. குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடும் வழக்கம் பிறகு வந்தது. தண்ணீரில் கரைந்ததும் வெளிவரும் குளோரின்தான் அந்த வேலையைச் செய்கிறது.

அப்படியானால் அழுக்கும் போகுமா? போகாது. சோப்பின் வேலை வேறு, இதன் வேலை வேறு. சேற்றின் மேலோ சாணத்தின் மேலோ தூவினால், குளோரின் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் வண்டலை வாரி வெளியே போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். பிளீச்சிங் கரைசல் கடைசியில்தான்.

தெருவோரம் வெள்ளைக் கோடாகத் தூவுகிறார்களே, அது? பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். நோயைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை. அந்த மூட்டை கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போயிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். வயிற்றுப்போக்கும் காலராவும் பெரும்பாலும் குடிக்கும் தண்ணீர் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

வீட்டுத் தரைக்கு எவ்வளவு கலக்கலாம்? தேய்த்துக் கழுவிய தரைக்கு, பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு 30 கிராம் நல்ல தூள் போதும். துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் கழுவுங்கள். இரும்பு, பித்தளைச் சாமான்களில் பட்டால் அரிக்கும். சாயத் துணியில் பட்டால் நிறம் போய்விடும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு? ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. தூளை நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைச் சேர்த்தால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். ஊற்றியபின் ஒரு மணி நேரம் குழாயைத் திறக்காதீர்கள். கிருமி சாக அந்த நேரம் வேண்டும்.

கிணறாக இருந்தால் கணக்கு எப்படி? வாயின் அகலத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, வருவதை 785-ஆல் பெருக்குங்கள். இது வட்டக் கிணற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று சொல்லும். மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் சுமார் 21,000 லிட்டர். தொட்டிக்குச் சொன்ன அதே விகிதத்தில் தூள் 85 கிராம் ஆகும். தெளிந்த கரைசல் உள்ள வாளியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துக் கலக்குங்கள்.

ஆனால் ஒன்று. வெள்ளம் உள்ளே புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு காணாது. முதலில் தண்ணீரை முழுக்க இறைத்து, தூர் வாரி, அதன்பின் பல மடங்கு வலுவான அளவு போட வேண்டும். அதைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டே செய்யுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம்; வயலின் பூச்சிமருந்து கலந்திருந்தால் கொதிப்பில் போகாது.

கல்வராயன் மலையில் ஊற்றுத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு? ஓடும் ஊற்றில் தூள் போட்டுப் பயனில்லை, அடித்துக்கொண்டு போய்விடும். எடுத்து வந்த தண்ணீரை வெள்ளைத்துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவிட்டு ஆற வைப்பதே நல்லது. குளோரினுக்கு அசராத சில ஒட்டுண்ணிகளும் (உடலுக்குள் புகுந்து வாழும் நுண்ணுயிர்கள்) கொதிநீரில் மடியும்.

கொசுப் புழு சாகுமா? குடிநீருக்குப் போடும் அளவில் சாகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தொட்டியின் உள்சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, உள்சுவரை பிரஷால் அழுத்தித் தேய்த்து, இறுக்கமான மூடி போடுங்கள்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். சின்னக் கழிவறைக்குள் மூச்சுத்திணறலுக்குக் கொஞ்சம் கிளம்பினாலே போதும். சிறுநீர் தேங்கிய இடத்திலும் நச்சுவாயு வரும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நெடி ஏறினால் வேலையை விட்டுவிட்டு வெளியே காற்றுக்கு வாருங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தூளைத் தொடும்போது ரப்பர் கையுறை போடுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

போன வருஷத் தூள் மிச்சம் இருக்கிறதே, உதவுமா? புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது குறைந்துகொண்டே போகும். கட்டிதட்டி, மூக்கை எரிக்கும் நெடி போயிருந்தால் அது இனி வெறும் சுண்ணாம்பு. குடிநீருக்கு அதை நம்பாதீர்கள். புதிதாக வாங்குவதை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாங்கிய மாதத்தை மேலே எழுதி, ஆசிட் பாட்டிலுக்கு எட்டத்தில் இருட்டான அலமாரியில் வையுங்கள்.