கல்லூரியில் ஓங்கும் கை

 

 

2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் மாணவர்களைத் தாக்கியதைத் தமிழகமே தொலைக்காட்சியில் கண்டு பதறியது. கீழே விழுந்து கிடந்தவரையும் விடாமல் அடித்தார்கள். நீதியைக் கற்க வந்த பிள்ளைகள்! அம்மோதலின் பின்னணியில் சாதிப் பகை இருந்தது. அத்தகைய பகை ஏதுமின்றி, ஒரு முறைப்புக்காகவும் ஒரு கேலிச் சொல்லுக்காகவும் கை ஓங்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். சாதி, அரசியல், திரைப்படம், போதை எனக் காரணங்களை வெளியில் தேடுகிறோம். அவை பொய்யல்ல. ஆயினும் நம் வீட்டுக்குள் இருக்கும் காரணத்தைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் கடன் வளரும். தறியிலும் மில்லிலும் பட்டாசுத் தொழிலிலும் உழைத்துக் களைத்த அத்தா, கடன்காரர் வந்து போன இரவில் தம் ஆற்றாமையை யார் மீது இறக்குகிறார்? அடி வாங்குகிறவன் பெரும்பாலும் வீட்டிலேயே சிறியவன். அத்தா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில், தனியே குடும்பம் சுமக்கும் தாயின் கை ஓங்குகிறது.

அந்தப் பிள்ளையின் உடலில் நடப்பதை மருத்துவம் விளக்குகிறது. ஆபத்து வரும்போது அட்ரினலின், கார்ட்டிசோல் முதலிய சுரப்புகள் பெருகி, உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்துகின்றன. ஆபத்து நீங்கினால் அவை தணிந்துவிடும். ஆபத்து வீட்டிலேயே குடியிருந்தால் தணிவதற்கு நேரமேது? இவ்வாறு வளரும் பிள்ளை எந்நேரமும் விழிப்பாகவே இருக்கப் பழகுகிறான். பிறர் சாதாரணமாகப் பார்த்தாலும் பகையாகக் காண்கிறான். ஆத்திரத்துக்குக் கடிவாளமிடும் மூளையின் முன்பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. இந்நிலையில் அவன் கல்லூரிக்குச் செல்கிறான். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டிய சுமை, புரியாத ஆங்கிலம், அரியர், கட்டணக் கடன், தூக்கமின்மை அனைத்தும் பழைய காயத்தின் மேல் வந்து விழுகின்றன.

மத்திய அரசு 2007ஆம் ஆண்டில் 13 மாநிலங்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டோரில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோரே.

இதைக் கூறினால், "பத்து வயதில் தொழுகைக்காக அடிக்கும்படி ஹதீஸ் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது (அபூதாவூத்). அந்த ஹதீஸில் ஏழு வயதும் இருக்கிறது. ஏழிலிருந்து பத்து வரை மூன்றாண்டுகள், நாளொன்றுக்கு ஐந்து வேளை என்றால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அன்பாக அழைக்க வேண்டும். அத்தனை முறை அழைத்தவர் நம்மில் எத்தனை பேர்? அதன் பின்னரும் காயமோ தழும்போ ஏற்படக் கூடாது என்று ஃபுகஹாக்கள் நிபந்தனை விதித்துள்ளார்கள். முகத்தில் அடிப்பதை நபியவர்களே தடுத்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). கடன்காரர் மீதுள்ள கோபத்தைப் பிள்ளையின் முதுகில் தீர்ப்பதற்கு இதில் எங்கே அனுமதி? சிறுவராக வந்து பெருமானாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒரு முறையேனும் 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று சாட்சி கூறுகிறார்கள் (புகாரி, முஸ்லிம்).

அடிபட்டு வளர்ந்தவர் அனைவரும் அடிப்பவராக மாறுவதில்லை. பாசத்துடன் உடன் நிற்கும் ஒரு பெரியவர் இருந்தாலே பாதிப்பு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் அப்வாவில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். நபியவர்களின் தகுதி நமக்கில்லை. ஆயினும் அல்லாஹ் அந்த அநாதைச் சிறுவரைத் தனியே விட்டுவிடாமல், வசதி குறைந்த அபூதாலிபின் வீட்டில் புகலிடம் அளித்தான் என்பதைச் சிந்திக்க வேண்டும். சிற்றப்பா, மாமா, பள்ளிவாசல் இமாம், பேராசிரியர் ஆகியோரில் எவரும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பெரியவராக இருக்கலாம்.

காயம்பட்டவன் என்பதால் பிறரைக் காயப்படுத்தும் உரிமை அவனுக்கில்லை. பருவமடைந்த பின் அவன் செயலுக்கு அவனே பொறுப்பாளி. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று நபிமொழி வழிகாட்டுகிறது (அபூதாவூத்). அடிப்பதற்கு முன் அந்தச் சில நொடிகள் கிடைத்தாலே பெரிது. இப்பழக்கத்தைத் தகப்பன் முதலில் செய்து காட்டாமல் மகனுக்குச் சொல்லிப் பயனில்லை.

விடுமுறைக்கு வரும் மகன் எரிந்து விழுந்தால், உறங்காமல் கிடந்தால், சுவரில் கையைக் குத்தினால், கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி பணித்தவர்களும் நாயகமே. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டிய நிலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். மகன் மட்டுமே போக வேண்டும் என்பதில்லை, அத்தாவும் உடன் போகலாம்.