வேர் சிகிச்சை செய்தும் விரிசல் விட்ட பல் தாங்குமா? எத்தனை வருஷம் நிற்கும்?

காங்கேயம் பக்கம் மாடு வாங்கப் போனால் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று எண்ணி வயசைச் சொல்லிவிடுவார்கள். நம்ம வாயில் இருக்கிற பல்லை மட்டும் வலி வந்த பிறகுதான் பார்க்கிறோம். கொப்பரையையோ நல்லி எலும்பையோ கடிக்கும்போது 'சுரீர்' என்றால், அது சொத்தையாக மட்டும் இருக்காது, விரிசலாகவும் இருக்கலாம்.

எப்படித் தெரியும்?

கடிக்கும்போது வலிப்பதைவிட, கடித்துவிட்டு வாயை எடுக்கும்போது சுருக்கென்று வலித்தால் சந்தேகப்பட வேண்டும். ஜில்லென்று குடித்தால் கூசும். எக்ஸ்ரேவில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கடவாய்ப் பல்லில் விரிசல் முன்னிருந்து பின்னாக ஓடுவதுதான் காரணம். அதனால்தான் மருத்துவர்கள் சாயம் தடவியும், பல்லுக்குள் வெளிச்சம் பாய்ச்சியும், குச்சியைக் கடிக்கச் சொல்லியும் பார்க்கிறார்கள்.

ரூட் கேனால் விரிசலை ஒட்டுமா?

ஒட்டாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உடைந்த எலும்பு கூடும், பல் கூடாது. ரூட் கேனாலில் பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதையை எடுத்துவிட்டு அடைக்கிறார்கள். வலி போய்விடும், விரிசல் அப்படியே இருக்கும். வலி இல்லையே என்று கேப் போடாமல் விட்டால், ஒவ்வொரு கடிக்கும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பொதுவாக ரூட் கேனால் செய்த பற்களிலேயே, கேப் போடாதவை சுமார் 6 மடங்கு வேகத்தில் விழுந்ததாக 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. பணம் மிச்சம் என்று நினைத்து நிறுத்துகிற இடம் இதுதான்.

எத்தனை பல் தப்பிக்கிறது?

சிங்கப்பூரில் ரூட் கேனால் செய்த 50 விரிசல் பற்களை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். 2 வருஷத்தில் 85.5 சதவீதம் வாயிலேயே இருந்தன. தென் கொரியாவில் 2016-ல் வந்த ஆய்வில் இது 90 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2 வருஷம் என்பது பல்லுக்குப் பெரிய காலம் இல்லை. 'வாயில் இருக்கிறது' என்பதற்கு 'தொந்தரவே இல்லை' என்றும் அர்த்தம் கிடையாது.

கொரிய ஆய்வில் பல்லின் தலையெழுத்தைத் தீர்மானித்தது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம். அது 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பல் பிழைக்கும் வாய்ப்பு குறைந்தது. விரிசல் வழியே கிருமி இறங்கி எலும்பைக் கரைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆகவே சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன், "பள்ளம் எத்தனை மில்லிமீட்டர், விரிசல் பல்லின் அடித்தளம் வரை போயிருக்கா?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எப்போது பிடுங்கியே ஆக வேண்டும்?

விரிசலின் இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைந்தால் அது பிளந்த பல். முழுசாகக் காப்பாற்ற வழியில்லை. கேப் போட்ட பிறகும் ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போனாலோ, கடித்தால் மறுபடி வலித்தாலோ தள்ளிப்போட வேண்டாம். எலும்பு அதிகம் கரைந்துவிட்டால், பிறகு அந்த இடத்தில் இம்பிளான்ட் வைப்பதும் சிரமமாகிவிடும்.